குறி தப்பாத குரேபயாஷி

இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் கையுறைக்கு வெளியே இருக்கின்றன. உறையின் அந்த இரண்டு நுனிகளையும் கத்தரியால் வெட்டி, நூல் பிரியாமல் ஓரம் தைத்திருக்கிறது. விரல்கள் லென்ஸின் ரப்பர் வளையத்தைப் பிடித்து, நகர்த்துகின்றனவா இல்லையா என்று பக்கத்தில் இருப்பவருக்கே சந்தேகம் வரும் அளவுக்கு நகர்த்துகின்றன. கேமராவின் திரையில் குளத்து நடுவே நட்ட குச்சி பெரிதாகத் தெரிகிறது. குச்சியின் பட்டையில் ஒரு பாசித் திட்டு. அதன் மேல் காய்ந்துபோன பறவை எச்சம். எச்சத்தின் விளிம்பில், ஃபோகஸ் சரியானால் திரை காட்டும் சிவப்புக் கோடு ஒன்று மினுங்கி மறைகிறது. விரல்கள் பின்னே போகின்றன. சிவப்பு மறுபடி வருகிறது. விரல்கள் நிற்கின்றன. வலது கை சட்டைப் பையிலிருந்து காகித டேப்பை எடுக்க, பல் அதைக் கிழிக்க, வளையம் இனி அசையாதபடி குறுக்கே ஒரு ஒட்டு. அதன் மேல் இன்னொன்று.

ஏற்பாடு முடிந்தது. இனி பறவை வந்து அந்த எச்சத்தின் மேலேயே உட்கார வேண்டும். ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தால் அது பறவையின் தவறு.

கைகளுக்குச் சொந்தக்காரர் குரேபயாஷி. பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எந்த நிறுத்தத்தில் எப்போது நிற்கும் என்று வாழ்நாள் முழுக்க எழுதிக் கொடுத்ததால், உலகத்தில் எல்லாம் சொன்ன இடத்தில் வந்து நிற்கும் என்ற நம்பிக்கை அவருக்கு உண்டு. மீன்கொத்தியிடமும் அதையே எதிர்பார்த்தார்.

எங்கள் வரிசையில் குளிர்காலம் முழுக்கப் பதினைந்து பேராவது இருப்போம். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், பலருடைய மனைவிகளும் எங்களை வீட்டை விட்டு அனுப்பிவைப்பதில் மகிழ்ச்சி அடைந்தவர்கள். குளத்தின் வேலியோரம் கேமரா முக்காலிகள் தோளோடு தோள் நிற்கும். யாருக்கு எந்த இடம் என்பது எங்கும் எழுதியில்லை, ஆனால் புதிதாக வந்தவர் ஒருவர் தெரியாமல் நடுவில் நின்றுவிட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் தொண்டையைச் செருமுவோம். எல்லோரும் எடுப்பது ஒரே பறவையை. ஒரே குச்சியில். ஒரே பக்கத்திலிருந்து. மாலையில் வீட்டுக்குப் போய், என் படமும் அடுத்தவர் படமும் ஒன்றேதான் என்பதைக் கவனிக்காமல், பொறுக்கியெடுத்துச் சேமிப்போம்.

குச்சியை நட்டது மகாபே. பூங்கா நிர்வாகம் குளத்தில் எதையும் நடக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறது. அந்தப் பலகையின் மேலும் மீன்கொத்தி உட்காரும், ஆனால் எழுத்துகளோடு படம் எடுத்தால் அழகாக இல்லை என்பதால் குச்சி நட்டோம். நிர்வாகத்தார் பிடுங்குவார்கள். மகாபே மறுபடி நடுவார். சலவைக்கடை வைத்திருந்தவர் அவர். இஸ்திரிச் சூட்டிலேயே நின்று பழகியதாலோ என்னவோ, குளிரில் இடுப்பளவு ரப்பர் கால்சட்டை போட்டுத் தண்ணீரில் இறங்க அவர் ஒருவர்தான் துணிவார். அதனால் வரிசையின் நடு இடம் அவருடையது. வாய்ப்பேச்சிலும் முதலிடம் அவருக்குத்தான்.

"என்னய்யா குரே-சான், காலங்காத்தால டோநட் கடை தொறந்தாச்சா?"

பெயரைச் சுருக்கி, மரியாதைக்கு 'சான்' ஒட்டி, குரேபயாஷியின் லென்ஸைத்தான் சொல்கிறார். கடந்த இலையுதிர்காலத்தில், தோள்பட்டை வலி தாங்காமல், தன் பழைய நீள லென்ஸை விற்றுவிட்டு, பழைய சாமான் கடையில் ஒரு குட்டை லென்ஸ் வாங்கினார் குரேபயாஷி. உள்ளே கண்ணாடி வைத்து ஒளியை முன்னும் பின்னும் மடக்குவதால் நீளம் குறைவு, எடையும் குறைவு. பார்க்க ஊறுகாய் ஜாடி மாதிரி இருக்கும். அதற்கு ஒரு குணம். பின்னால் இருக்கிற ஒளிப்புள்ளி ஒவ்வொன்றும் படத்தில் நடுவில் ஓட்டை விழுந்த வளையமாக விழும். குளத்து நீர் வெயிலில் மினுங்கினால் படம் முழுக்க டோநட்.

எங்கள் எல்லோருடைய லென்ஸும் தானாகவே ஃபோகஸ் பிடிக்கும். மகாபேயின் கேமரா பறவையின் கண்ணைத் தேடிக் கண்டுபிடித்து அதைச் சுற்றிக் கட்டம் போடும். குரேபயாஷி எல்லாவற்றையும் கையால் திருப்புகிறவர்.

"உங்களுதெல்லாம் வாடகைக் கண்ணு," என்பார். "மெஷின் பாக்குது, நீங்க பொத்தான அமுக்குறீங்க. அவ்வளவுதான்."

"என் மெஷின் குருவி கண்ணப் பாத்துடும் குரே-சான். உன் கண்ணுக்கு மொதல்ல நீ மூக்குக் கண்ணாடி மாட்டணுமே?"

"மாட்டிக்கிட்டு எடுத்தா என்ன? ஒண்ணு தப்பியிருக்கா? காட்டு பாக்கலாம்."

அதுதான் அவருடைய சொத்து. வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. பறவை வந்து உட்கார்ந்தும் ஒருவர் தவறவிட்டால், அன்றைக்கு அவர் எல்லோருக்கும் காசு போடும் இயந்திரத்திலிருந்து சூடான டப்பா காப்பி எடுத்துக் கொடுக்க வேண்டும். எல்லோரும் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். கொக்கைவிடப் பெரிய லென்ஸும், அதற்குக் காட்டு இலை அச்சடித்த மேலுறையும், தனக்கு மட்டும் செக்கச் சிவந்த கோட்டும் வைத்திருக்கும் பல் மருத்துவர் ஹமானோதான் அதிகம் வாங்கிக் கொடுத்தவர். குரேபயாஷி ஒரு தடவையும் வாங்கிக் கொடுத்ததில்லை. குறி தப்பாதவர் என்ற பெயர் ஒன்றைத்தான் அவர் அந்தக் குளத்தோரத்தில் சேர்த்து வைத்திருந்தார். டேப் ஒட்டிய வளையமும், இடம் மாறாத குச்சியும் இருந்தால் யாருக்கும் அந்தப் பெயர் கிடைக்கும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அவரும் யோசிக்கவில்லை.

ஜனவரியில் பனி விழுந்த மறுநாள் காலை வந்து பார்த்தால் குச்சி இல்லை. பனியையும் பொருட்படுத்தாமல் நிர்வாகத்தார் வந்து பிடுங்கிப் போயிருந்தார்கள்.

"வேலை செய்யுறாங்கய்யா, வரி கட்டுனது வீண் போகல," என்றார் மகாபே. ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, எங்கேயோ ஒடித்து வந்த பிளம் கிளையோடு எதிர்க்கரை வழியாக இறங்கினார். பழைய இடத்தில் சேறு இளகியிருந்தது போலும். எங்கள் பக்கமாக ஓரெட்டு முன்னால் வந்து நட்டார்.

"கொஞ்சம் வலப்பக்கம்!" என்றார் ஹமானோ.

"பல்லு புடுங்குற எடத்துல போய் வலப்பக்கம் சொல்லுங்க டாக்டர். இது என் கிளை."

ஆட்டிப் பார்த்து, திருப்தியாகி, நாலெட்டு பின்வாங்கினார். அவர் கரை ஏறுவதற்குள் 'ச்சீ' என்று மெல்லிய கீச்சு. நீலமாக ஏதோ நீர்மட்டத்தில் கோடு கிழித்து வந்து புதுக் கிளையில் உட்கார்ந்தது. மகாபே இருந்த இடத்தில் மரமாக நின்றார். பூங்கா மீன்கொத்திக்கு மனிதர் புதிதல்ல. அசையாதவரை அவரும் ஒரு குச்சிதான்.

வரிசையில் யாரும் பொத்தானை அமுக்கவில்லை. அமுக்கினால் பறவைக்குப் பின்னால் மகாபே விழுவார். ரப்பர் கால்சட்டையும், காது மூடிய தொப்பியும், மூக்கு நுனியில் தொங்கும் நீருமாக ஒரு மனிதன் விழுந்த மீன்கொத்திப் படத்தை எங்களில் யாரும் வைத்துக்கொள்ள மாட்டோம்.

"தள்ளிப் போங்க மகாபே-சான்!" என்று ஹமானோ உதட்டசைவில் மன்றாடினார். "பின்னணி கெடுது!"

தன் லென்ஸ் பின்னால் இருப்பதையெல்லாம் கரைத்துவிடும் என்ற தைரியத்தில் குரேபயாஷி மட்டும் எடுக்கத் துணிந்தார். கிளை பழைய இடத்தைவிட ஓரெட்டு கிட்டே. டேப்பைப் பிய்த்தார். வளையத்தைத் திருப்பினார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். லென்ஸ் செய்கிற நிறுவனங்கள் தமக்குள் ஒத்துப்போவதில்லை. ஒன்றின் லென்ஸில் வளையத்தை வலப்பக்கம் திருப்பினால் கிட்டே வரும். இன்னொன்றில் அதே திருப்பலுக்கு எட்டப் போகும். குரேபயாஷியின் கை விற்றுப்போன பழைய லென்ஸில் பழகிய கை. புது லென்ஸை வாங்கியதிலிருந்து டேப் ஒட்டியே வைத்திருந்ததால் கைக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அவசரத்தில் அது பழைய பக்கமே திருப்பியது. பறவை தெளியாமல் கலங்கியது. கலங்கியதால் இன்னும் திருப்பினார். இன்னும் கலங்கியது. பொத்தானை அமுக்கினார், அமுக்கினார், அமுக்கினார்.

நாலெட்டு பின்னால் நின்ற மகாபே அந்தக் கை படும் பாட்டை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அடக்கிப் பார்த்தார். அப்புறம் வாய் திறந்தது. சத்தம் வெளியே வருவதற்குள் மீன்கொத்தி பறந்துவிட்டது.

"குரே-சான்! போச்சா?" பூங்கா முழுக்கக் கேட்டது. "காப்பிதானே?"

"படத்துல விழுந்துடுச்சு," என்றார் குரேபயாஷி. "சுத்தமா விழுந்துடுச்சு."

"காட்டு, காட்டு."

"பேட்டரி போச்சு. இந்தக் குளிர்ல."

குளிரில் பேட்டரி போவது உண்டுதான். அதனால் யாரும் மேலே கேட்க முடியவில்லை. மகாபே மட்டும் கரையேறி வந்து, அவர் தோளில் ஈரக்கையை வைத்து, "அப்ப அந்தப் படம் பாக்காம நான் சாக மாட்டேன்," என்றார்.

மூன்று வாரம் கழித்துச் செத்துப்போனார். சாயங்காலம் குளிரிலிருந்து வந்து வெந்நீர்க் குளியல் தொட்டியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. குளிர்காலத்தில் எங்கள் வயதுக்காரர்கள் வழக்கமாகப் போகும் வழி அது. மறுநாள் அவர் இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. துக்கம்தான் காரணம் என்று சொல்ல ஆசை. இரண்டு பக்கத்துக்காரர்களும் தலா அரை முக்காலி அளவுக்கு நகர்ந்துகொண்டதால் பார்க்க இடமே தெரியவில்லை.

அதற்கு அடுத்த நாள் மகாபேயின் மகள் நட்சுயோ குளத்தோரம் வந்தாள். நகோயாவில் வேலை பார்க்கிறவள். அவளை நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கட்டைக் குரல்தான்.

"அப்பாவோட கூட்டாளிங்க நீங்கதானே? ஒரு உதவி வேணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறுதிச் சடங்கு. பீடத்துல வைக்க அவரோட படம் ஒண்ணு வேணும்."

"வீட்ல இல்லியாம்மா?" என்றார் ஹமானோ.

"வீட்ல தட்டு தட்டா படம் இருக்கு. ஒண்ணு விடாம குருவி. அம்மா இருந்தவரைக்கும் எடுத்த படத்துல அப்பா கறுப்பு முடியோட இருக்காரு, அது வேற யாரோ மாதிரி இருக்கு. மிச்சம் ஓட்டுநர் உரிமம் ஒண்ணுதான். அதுல போலீஸ் புடிச்சுட்டு வந்த ஆள் மாதிரி முறைக்கிறாரு. நீங்க தினமும் கேமராவோட அவர் பக்கத்துலதான நிக்கிறீங்க? இத்தனை கேமரா..."

இத்தனை கேமராவும் வெட்கப்பட்டன. எல்லோரும் கையுறையைக் கழற்றி அவரவர் கேமராவின் நினைவு அட்டையில் தேட ஆரம்பித்தோம். மீன்கொத்தி, மீன்கொத்தி, மீனோடு மீன்கொத்தி, மீனைத் தவறவிட்ட மீன்கொத்தி. ஒருவரிடம் மகாபேயின் முழங்கை இருந்தது. இன்னொருவரிடம் தொப்பியின் காதுமடல் ஒன்று. ஹமானோவிடம் நீரில் மகாபேயின் நிழல் கலங்கலாக இருந்தது. "இதுல ஒரு சாயல் தெரியுது பாருங்க," என்று அதைப் பெரிதாக்கிக் காட்டினார். நட்சுயோ மரியாதைக்குப் பார்த்தாள். மகாபே முழுசாக விழுந்த படங்களையெல்லாம் பின்னணி கெட்டதென்று அன்றன்றைக்கே அழித்திருந்தோம்.

"குரே-சான், பனி விழுந்த அன்னிக்கு நீங்க மட்டும் எடுத்தீங்களே," என்று ஹமானோவுக்கு ஞாபகம் வந்தது. "மகாபே-சான் நேர் பின்னாடி நின்னாரே?"

பதினைந்து தலை திரும்பியது. குரேபயாஷிக்குத் தெரியும். அன்றிரவே வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டார். மூன்று படங்களிலும் பறவை நீலக் கறை. மூன்றாவதில் பின்னால் மகாபே, புருவ முடி ஒவ்வொன்றும் எண்ணலாம் என்ற அளவுக்குத் துல்லியமாக, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றார். குறி தப்பியதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. சாட்சி சொல்கிறவரே சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"என்னுதுல பின்னணி மொத்தமா கரைஞ்சிடும்," என்றார் குரேபயாஷி. "டோநட்தான் தெரியும்."

நட்சுயோ தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். குரேபயாஷி அதன் பிறகு அன்றைக்கு மூன்று தடவை டேப்பைப் பிரித்து ஒட்டினார்.

மத்தியானம் வீட்டில் கணினித் திரையில் அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஃபுசாயே துணி மடித்துக்கொண்டே பின்னால் வந்து நின்றார்.

"அட, மகாபே-சான்! எவ்வளவு நல்லா இருக்கு. இத்தனை வருஷத்துல நீங்க எடுத்ததுலயே இதுதாங்க நல்ல படம்."

"இது தப்புனது."

"எது தப்புனது? மனுஷன் பளிச்சுன்னு இருக்காரே."

"குருவி கலங்கியிருக்கு பாரு."

"கலங்கட்டுமே. குருவி செத்தா படம் கேட்டுக்கிட்டு யாரு வரப்போறா?" துண்டை உதறி மடித்தார். "அந்தப் பொண்ணுக்குக் குடுத்தாச்சுல்ல?"

ஃபுசாயே இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அப்படி நின்றால் என்ன அர்த்தம் என்பது குரேபயாஷிக்குத் தெரியும்.

ஒரு வழி தோன்றியது அவருக்கு. பறவை படத்தின் கீழ் மூலையில்தான் இருந்தது. மகாபேயின் தலையையும் தோளையும் மட்டும் வெட்டி எடுத்தால் நீலக் கறை போய்விடும். எப்படி விழுந்தது என்று யாரும் கேட்டால், நட்பின் காரணமாக வேண்டுமென்றே எடுத்தேன் என்று சொல்லலாம். சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவர் காதுக்கே நன்றாக இருந்தது. வெட்டினார். மறுநாள் சடங்கு மண்டபத்துக்கே கொண்டுபோனார்.

நட்சுயோ படத்தைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் சிரித்தது, அப்புறம் நனைந்தது. பக்கத்தில் மண்டபத்து அலுவலர் அம்மாள், கறுப்புக் கோட்டில், பலகைக் கணினியோடு தயாராக நின்றார்.

"அருமையான படம்," என்றார். "கொஞ்சம் திருத்திக்கிறோம். உடுப்பு நாங்களே மாத்திடுவோம். கோட்டு சூட்டா, பாரம்பரிய உடுப்பா, நீங்களே சொல்லலாம்." விரலால் தள்ளினார். மகாபேயின் தலைக்குக் கீழே ஒரு கோட்டும் டையும் வந்து ஒட்டிக்கொண்டன. "ரொம்ப இறுக்கி வெட்டியிருக்கீங்க, பெரிசாக்கினா ஓரம் பத்தாது. அதனால பின்னணிய எடுத்துட்டு ஆகாயம் போட்டுடலாம்." மகாபே மேகத்தில் மிதந்தார். "வாயும் கொஞ்சம் பெரிசா தொறந்திருக்கு பாருங்க. சபைக்கு அடக்கமா இருக்கறதுக்கு பாதி மூடிடலாம்."

வாய் பாதி மூடியது. திரையில் இருந்தவர் வங்கி மேலாளர் மாதிரி இருந்தார்.

"கை வைக்காதீங்க!" என்றார் குரேபயாஷி. மண்டபத்தில் அந்தக் குரலில் யாரும் பேசுவதில்லை. அலுவலர் அம்மாள் கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இல்லங்க, இது வழக்கமா..."

"பின்னாடி தெரியுறது மூங்கில் புதர்ல பனி உருகி சொட்டுறது. ஒவ்வொரு சொட்டும் ஒரு வளையமா விழுந்திருக்கு. வேற எந்த லென்ஸ்லயும் விழாது. அத எடுத்துட்டு மேகம் போடுவீங்களா? புருவத்தப் பாருங்க. கையால புடிச்ச ஃபோகஸ். இதுக்கு மேல துல்லியம் கிடையாது."

தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டபின்தான் அவருக்கு உறைத்தது. கையால் பிடித்த ஃபோகஸ்தான், ஆனால் அது வேறொன்றைப் பிடிக்கப் போனது. நண்பருக்கான கடமையோ, மகளின் கண்ணீரோ அவரை அங்கே நிறுத்தவில்லை. தன் வாழ்நாளின் ஆகச் சிறந்த படத்தில் எவரோ மேகம் ஒட்டுகிறார் என்பதுதான் நிறுத்தியது. இதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. எங்களில் யாராக இருந்தாலும் அந்த இடத்தில்தான் குரலை உயர்த்தியிருப்போம்.

"அப்படின்னா ஓரம் வெட்டாத முழுப் படம் வேணும்," என்றார் அலுவலர் அம்மாள், கொஞ்சம் விறைப்பாகவே. "அது இருந்தா நாங்க எதையும் தொட வேண்டியதில்ல. இல்லன்னா மேகம்தான்."

மேகமா, தவறவிட்டதற்கான காப்பியா. குரேபயாஷி நட்சுயோவைப் பார்த்தார்.

"முழுசாவே நான் அச்சுப் போட்டுத் தரேன். வெள்ளிக்கிழமை காலையில."

"நானே குளத்துக்கு வந்து வாங்கிக்கிறேன்," என்றாள் அவள். "அவர் நின்ன எடத்தையும் ஒரு தடவை பாத்துக்கணும்."

வரிசையின் கண் முன்னாலேயே கொடுக்க வேண்டும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. வேண்டாம், நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சரி என்று தலையாட்டிவிட்டார்.

வியாழக்கிழமை முழுவதும் அச்சடித்தார். முதல் தாளில் முகம் மஞ்சளடித்தது. இரண்டாவதில் பனி நீலமாகிவிட்டது. மகாபேக்குக் குளிரில் சிவக்கும் மூக்கு. அந்தச் சிவப்பு சரியாக வரும்வரை தாள்கள் போயின. நீலக் கறையையும் விட்டுவிடவில்லை. கலங்கியிருந்தாலும் மீன்கொத்தியின் நீலம் மீன்கொத்தியின் நீலமாக இருக்க வேண்டும் என்று அதற்காக இன்னும் இரண்டு தாள் செலவழித்தார். ஃபுசாயே தேநீர் கொண்டுவந்து வைத்தார். கடைசித் தாளை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூக்கு சரியா இருக்கு," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை குரேபயாஷி வரிசைக்கு வந்தபோது ஒரு கையில் தட்டையான அட்டைப்பெட்டி, மறு கையில் துணிப்பை. பை நிறையச் சூடான டப்பா காப்பி.

"யாரோட காப்பி?" என்றார் ஹமானோ.

"என்னோடது."

"ஓ, மகாபே-சானுக்காக! நல்ல மனசுங்க உங்களுக்கு." ஒன்றை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார். பை வரிசையில் கை மாறிப் போனது. எதற்காக என்று வேறு யாரும் கேட்கவில்லை. சும்மா வருகிற காப்பியிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. ஒப்புக்கொள்வதற்காக ராத்திரி தயார் செய்த வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு இடமே கிடைக்கவில்லை. எங்கள் டப்பாக்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

முக்காலியை நிறுத்தினார். பிளம் கிளையில் புதிதாக விழுந்திருந்த எச்சத்தின் மேல் ஃபோகஸ் பிடித்தார். இந்த முறை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று வளையத்துக்குப் பக்கத்தில் வெள்ளை மையால் அம்புக்குறி போட்டிருந்தது. அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டியவர் வரிசையில் இல்லை. டேப் ஒட்டினார்.

கறுப்பு உடையில் நட்சுயோ வேலியோரமாக நடந்து வந்தாள். "இங்கதான் நிப்பாரா?" என்று கேட்டாள். இரண்டு பக்கத்துக்காரர்களும் சட்டென்று அரை முக்காலி அளவு தள்ளிக்கொண்டார்கள். மறைந்துபோன இடம் மறுபடி தெரிந்தது. அவள் அதில் கொஞ்ச நேரம் நின்று குளத்தைப் பார்த்தாள். பார்ப்பதற்கு ஒரு குச்சியும் தண்ணீரும்தான் இருந்தன.

குரேபயாஷி பெட்டியைத் திறந்தார். படத்தை மூடியிருந்த மெல்லிய தாளை விலக்கினார். வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்தது.

"ஷட்டர் வேகம் செகண்டுல எத்தனைல ஒண்ணு?" என்றார் ஒருவர் உடனே.

"வளையம் அழகா விழுந்திருக்கு," என்றார் இன்னொருவர்.

ஹமானோ கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு மேலும் குனிந்தார். "பல்லு எல்லாம் சொந்தப் பல்லு," என்றார். மூன்று நாள் முன்பு அவர் அப்படிப் படம் இல்லை என்று சொன்னது யாருக்கும் நினைவில்லை.

நட்சுயோ விரலைப் படத்தில் படாமல் கீழ் மூலைக்குக் கொண்டுபோனாள். "இங்க நீலமா கலங்கித் தெரியுதே, இது என்னங்க?"

குரேபயாஷி மூச்சை இழுத்தார். "மீன்கொத்தி."

"இதுவா?"

"அதத்தான் எடுத்தேன். தப்பிடுச்சு. கிட்டக் கொண்டுவர வேண்டிய வளையத்த எட்டக் கொண்டுபோயிட்டேன். அது நேரா உங்க அப்பா மேல போய் நின்னுடுச்சு. அன்னிக்கு எல்லார்கிட்டயும் விழுந்துடுச்சுன்னு..."

'ச்சீ' என்று நீர்மேல் கீச்சு கேட்டது.

எல்லாத் தலையும் ஒரே சமயத்தில் திரும்பியது. நீலக் கோடு ஒன்று வந்து பிளம் கிளையில் உட்கார்ந்தது. மற்ற எல்லாக் கேமராவும் கடகடவென்று அடித்தன. காலிக் காப்பி டப்பா ஒன்று வேலியிலிருந்து உருண்டு விழுந்தது. எடுக்க யாரும் குனியவில்லை.

"குரே-சான், வந்துடுச்சு!" என்றார் ஹமானோ, திரும்பாமலே. "எச்சத்து மேலயே உக்காந்திருக்கு! விட்டுடாதீங்க!"

குரேபயாஷியின் கேமரா முக்காலியில் ஆளில்லாமல் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரையில் சிவப்புக் கோடு மீன்கொத்தியின் கண்ணைச் சுற்றி அசையாமல் நின்றது. அவருடைய இரண்டு கைகளும் படத்தின் அடியில் இருந்தன.

"அப்ப அப்பா எதுக்குச் சிரிக்கிறாரு?" என்றாள் நட்சுயோ. கடகடப்பில் அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் அவர் சொன்னார்.

"என்னப் பாத்துத்தான்."

அவள் இன்னொரு தடவை படத்தைப் பார்த்தாள். அதில் இருந்த சிரிப்பு அவளுக்கும் வந்தது. வாய் திறந்தது. பின்னால் கடகடப்பு நிற்கவில்லை. அவர் மெல்லிய தாளைப் படத்தின் மேல் மூடி, ஓரத்தை விரலால் நீவி, இரண்டு கைகளாலும் நீட்டினார். அவள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.